ஸ்டெல்லா அக்காவின் பிளம்ஸ் மரம்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு பழக்கடையில் எனக்குத் திட்டு விழுந்தது. பிளம்ஸ் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காம்புப் பக்கம் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தேன். "அமுக்காதீங்க மேடம், எல்லாம் பழந்தானுங்க" என்றார் கடைக்காரர். பழமில்லை, நிறம்தான் சிவப்பு. சண்டை போடும் வயதெல்லாம் தாண்டிவிட்டதால் கொடுத்ததை வாங்கி வந்தேன்.

இந்த அழுத்திப் பார்க்கும் பழக்கம் கொல்லிமலையில் ஒட்டிக்கொண்டது. டீச்சராக எனக்கு முதல் வேலை அங்கே வளப்பூர் நாடு என்ற ஊரில். லைன் வீட்டில் அடுத்த கதவு நர்ஸ் ஸ்டெல்லா அக்காவுடையது. அவர் கணவரும் மகளும் கீழே ராசிபுரத்தில் இருந்தார்கள். ஊட்டிக்கு டூர் போனபோது வாங்கிவந்த பிளம்ஸ் கன்றை அக்கா கொல்லையில் நட்டிருந்தார். பலாவும் மிளகும் காய்த்துத் தள்ளும் ஊரில் அது மட்டும் வருஷா வருஷம் வெறும் இலையோடு நின்றது. இந்தக் குளிர் அதற்குப் போதாது என்றார்கள். நானும் சொன்னேன், இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே.

ஒரு கோடையில் கொஞ்சமாய்க் காய்த்தது. சிவந்ததும் ஒன்றைப் பறித்துக் கடித்தேன். பல் கூசி அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றை மாங்காய் மாதிரி அரிசிக்குள் புதைத்தேன். தோல் சுருங்கியது, புளிப்பு அப்படியே இருந்தது.

"நெறத்த நம்பாத கண்ணு. காம்புகிட்ட மெத்துனு இருக்கோணும். உள்ளங்கைல ஏந்தி லேசாச் சாய்ச்சா தானா வரோணும். இழுக்கக் கூடாது. எத்தன பிரசவம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

அந்த வாரமே அவருக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டது. மகளோடு இருக்கவேண்டும் என்று வருஷக்கணக்காக அலைந்து கேட்ட ராசிபுரம். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். "போறது சந்தோசந்தான். இது என்ன ருசின்னு தெரியாமயே போறனே."

கணவர் லாரியோடு வந்தார். கட்டிலும் பீரோவும் ஏறி, கயிறும் கட்டியாயிற்று. அக்காவைக் காணோம். கொல்லையில் ஒவ்வொரு பழமாக ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வரவில்லை.

"ஏனுங்க டீச்சர், பழத்துக்காவ லாரி நிக்குதுங்க. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் கணவர் என்னிடம்.

அதற்குள் உச்சிக் கிளையில் ஒன்று அக்காவின் கைக்குச் சத்தமில்லாமல் வந்துவிட்டது. மூன்றாகப் பிட்டுக் கொடுத்தார். முழங்கைவரை சாறு வழிந்தது. அந்த இனிப்பை எதோடு ஒப்பிடுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கணவர் கொட்டையைச் சப்பிக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னொன்னு வருமா?"

"நாளைக்குத்தாங்க."

அவர் போய் லாரிக் கயிற்றை அவிழ்த்தார். பாயும் தலையணையும் இறங்கின. டிரைவர் முணுமுணுத்தார். மறுநாள் காலை அவர் பங்கு கைக்கு வந்ததும் முணுமுணுப்பு நின்றது. பிறகுதான் லாரி புறப்பட்டது.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. மரம் நின்ற இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். ரோடு நன்றாகிவிட்டதால் டீச்சர்களும் நர்சுகளும் காலை பஸ்ஸில் ஏறி வந்து மாலை பஸ்ஸில் இறங்கிவிடுகிறார்கள். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது, குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தட்டுவதற்கு அங்கே ஒரு கதவு இல்லை.