மச்சானை எடுக்காத ஞாயிறு

எங்கள் கூடைப்பந்து அணியை லண்டனில் யாரும் அணி என்று சொன்னதில்லை. மிச்சம் என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு அவரவர் பழைய மாணவர் அணி இருந்தது. அங்கே படிக்காதவர்கள், படித்தும் அணியில் இடம் கிடைக்காதவர்கள், மன்னாரில் இருந்து வந்தவர்கள், தங்கள் அணியோடு சண்டை பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள், இவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் நாங்கள். நான் கடைசி வகை. வாய் இருக்கிறது என்பதற்காக என்னைத் தலைவராக்கினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் சண்டை பெருகப் பெருக, இங்கே புதிதாக வந்து இறங்கும் இளைஞர்களும் பெருகினார்கள். பள்ளி அணி இல்லாத நல்ல ஆட்டக்காரர்களை யார் எடுப்பது என்று போட்டிக் குழுவில் ஒவ்வொரு வருஷமும் அடிபிடி. கடைசியில் ஒருவர், அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒரு வழி சொன்னார். போன வருஷம் கடைசியாக வந்த அணி முதல் ஆளைக் கூப்பிடவேண்டும். முதலாவதாக வந்த அணி கடைசியில் கூப்பிடவேண்டும். ஒரு சுற்று முடிந்தால் மறுபடி அதே வரிசை. அமெரிக்கக்காரருக்குத் தோன்றாத ஒன்றை எங்கள் ஆட்கள் அதோடு சேர்த்துவிட்டார்கள். முதற்சுற்றில் எடுத்த ஆளை அந்த அணியின் தலைவர் அன்றைக்கே தன் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடவேண்டும். வந்த இடத்தில் ஒரு வீட்டு வாசலாவது தெரிந்திருக்கட்டும் என்பது அதன் எண்ணம். எனக்கும் அது பிடித்திருந்தது.

போன வருஷம் கடைசியாக வந்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்திய வருஷமும் நாங்கள்தான். இன்னொரு முறை கடைசி என்றால் அணியைக் கலைத்துவிடுவதாகக் குழு சொல்லிவிட்டது. ஆகவே முதல் ஆளைக் கூப்பிடும் உரிமை எனக்கு வந்தபோது, அதைப் பரிசாக நினைக்க முடியவில்லை. கழுத்தில் கத்தி வைத்தது போலத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய தலையிடி வீட்டில் இருந்தது. ஹரோவில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் என் மச்சான் இருந்தான், மனைவியின் தம்பி. இருபத்துநாலு வயது. வந்து அரை வருஷம் ஆகியும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதுதான் வேலை. கூப்பிட்டால் வந்து சாப்பிடுவான், கூப்பிடாவிட்டால் இல்லை. அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டான். ஊரில் அவனோடு பந்து விளையாடியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வைத்தியரிடம் கூட்டிப்போனோம். கோயிலுக்கும் கூட்டிப்போனோம். எனக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் வேலையால் வந்தபோது வீட்டுப் பின்பக்கம் பந்து தட்டும் சத்தம் கேட்டது. என் பழைய பந்தை எடுத்துச் சீமெந்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான், குனிந்து, பந்தைப் பார்க்காமல். பந்தைப் பார்க்காமல் தட்டுகிறவன் விளையாடத் தெரிந்தவன். நான் கதவடியில் நிற்பதைக் கண்டு பந்தைக் கீழே வைத்தான். “அத்தான், ஞாயிற்றுக்கிழமை நானும் வரட்டே?” என்று கேட்டான். எங்கள் வீட்டில் அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

மனைவிக்கு அது போதுமாக இருந்தது. முதல் ஆளைக் கூப்பிடும் உரிமை புருஷனுக்கு இருக்கிறது, தம்பி எழும்பிவிட்டான், இனி என்ன யோசனை என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை அப்டன் பார்க் வரை ரயிலில் போய் நண்டு வாங்கி வந்தாள். தம்பிக்கு நண்டுக்கறி என்றால் உயிர். ஞாயிறு காலை நாங்கள் இறங்கும்போது அடுப்பங்கரையில் இருந்தபடி, “வரேக்கை மூண்டு பேருமாய்ச் சாப்பிடுவம்,” என்றாள். நான் பூட்டிய காரை மறுபடி பூட்டிப் பார்ப்பது போல ஏதோ செய்துகொண்டு நின்றேன்.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். காலையில் புது ஆட்களை விளையாட விட்டுப் பார்ப்பது, மத்தியானம் கூப்பிடுவது. முதுகில் இலக்கம் குத்தியிருந்தார்கள். மச்சான் ஏழாம் இலக்கம். எல்லாருடைய கண்ணும் நாலாம் இலக்கத்தில். வாசல் நிலையில் தலை முட்டும் உயரம். ஓட்டம் குறைவு, பந்தைப் பிடித்தால் என்ன செய்வது என்று கொஞ்சம் யோசிப்பான். ஆனால் கூடைக்குக் கீழே அவன் நின்றால் மற்றவர்கள் பந்தை அண்ணாந்துதான் பார்க்கலாம். எங்கள் அணியில் அப்படி ஒருவன் இல்லாததால்தான் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

ஆட்கள் போதாததால் தலைவர்களும் இறங்கி விளையாடினோம். நான் மச்சானுக்கு எதிர்ப்பக்கம். என் இடம்தான் அவனுடைய இடமும், பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுப்பவன். நான் பத்து வருஷமாகச் செய்ததை அவன் நித்திரையில் செய்வான் போல இருந்தது. பிறகு பந்து என் கைக்கு வந்தது. அவன்தான் என்னை மறிக்கவேண்டும். நான் வலப்பக்கம் திரும்பினேன். அவன் ஒரு அடி பின்வாங்கி வழிவிட்டான், பெரியவர் வருகிறார் என்று கோயில் வாசலில் ஒதுங்குகிற மாதிரி. நான் சும்மா போய்க் கூடைக்குள் போட்டேன். இன்னொரு முறை பந்து வந்தது. மறுபடியும் ஒதுங்கினான். மற்ற யாரையும் அவன் அப்படி விடவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் மேலா, எங்கள் சனத்தின் மேலா என்று தெரியவில்லை. அக்காவின் புருஷன், இருக்க இடம் தந்தவர், அவரை மறிப்பதா என்று அவனுடைய கால்கள் தாமாகவே நினைத்துவிட்டன. என் அணிக்கு வந்தால் ஒவ்வொரு பந்தையும் எனக்குத்தான் தருவான். விளையாட்டிலும் எங்கள் வீட்டுச் சின்ன அறையிலேயே இருப்பான். அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். ஆனால் இதை யாரிடம் சொல்லி விளங்கப்படுத்துவது?

மத்தியான இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். மன்னார்க்காரர், தபால் ஊழியர், பூசை முடிந்து நேராக வந்திருந்தார். மற்றதெல்லாம் பழக்கலாம், உயரத்தை எங்கே போய் வாங்குவது என்பதுதான் அவர் கட்சி. அதோடு போன வருஷம் வென்ற அணியின் தலைவர், தொழிலில் கணக்காளர், ஞாயிற்றுக்கிழமையும் கழுத்துப்பட்டி கட்டுகிற மனிதர், ஒரு பேரத்தோடு வந்தார். என் முதல் முறையை அவருக்குக் கொடுத்தால், அவருடைய கடைசி முறையோடு அவருடைய அணியின் நல்ல எறிகாரர் ஒருவரையும் தருவாராம். நாலாம் இலக்கத்துக்காகத்தான் அந்தத் தாராளம். ஒருகணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய ஆட்கள் ஏற்கெனவே எங்களை உழக்குகிறவர்கள், அவர்களுக்கு உயரத்தையும் கொடுத்தால் நாங்கள் வீட்டில் இருக்கலாம். முடியாது என்றேன்.

பிறகு பயிற்சியாளர் மெல்லக் கேட்டார். “தம்பி, உம்மடை மச்சானை நீர் எடுக்காட்டி மற்றவை என்ன நினைப்பினம் எண்டு யோசிச்சனீரோ?”

யோசித்திருந்தேன். எடுத்தால் மச்சானுக்காக அணியை விற்றான் என்பார்கள். எடுக்காவிட்டால் தன் இடம் போய்விடும் என்று பயந்தான் என்பார்கள். அந்தக் கதை எதுவும் எனக்குப் பெரிதில்லை. பெரிய பயம் வேறு. சொந்த அத்தானே எடுக்கவில்லை என்றால் பெடியனில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிற சனம் நாங்கள். சம்பந்தம் பேசும்போது மாமன் வாய் திறக்காவிட்டால் எப்படி நினைப்போமோ, அப்படி. நான் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். எல்லாரும் விட்டால் அவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுப்பான், அந்த முறை எழும்பமாட்டான். இது தெரிந்துதான் போய் நின்றேன்.

மண்டபத்தின் ஒரு கரையில் புது ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குழுச் செயலாளர் என்னைப் பார்த்தார். “நாலு,” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. உயரமானவன் சிரித்துக்கொண்டு வந்தான். ஏழாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விழுந்தது. மச்சான் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

அடுத்த அணித் தலைவர் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறொருவனைக் கூப்பிட்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. அவர் பக்கத்தில் நின்றவரின் காதுக்குள் ஏதோ சொன்னதும் எனக்குத் தெரிந்தது. காலையில் மச்சானின் ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்தான் அவர். நாலாவது ஆளும் விட்டுவிட்டார். கணக்காளர் மட்டும்தான் மிச்சம். அவரும் விட்டால் வரிசை திரும்பி என்னிடம் வரும், எனக்கு இரண்டு பேரும் கிடைப்பார்கள், வீட்டில் நண்டும் கிடைக்கும். அதே நேரம், ஐந்து பேர் வேண்டாம் என்ற பிறகு அத்தான் இரங்கி எடுத்தவன் என்ற பெயரோடு அவன் என் காரில் ஏறவேண்டும். அவர் எடுக்கவேண்டும் என்று வேண்டினேன். எடுக்கக்கூடாது என்றும் ஒரு மூலையில் இருந்தது.

கணக்காளர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். “ஏழு,” என்றார். பிறகு என்னைக் கடந்து போகும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “நீர் ஆருடைய அத்தான் எண்டு நான் பாக்கேல்லை ஐசே, பந்தைத்தான் பாத்தனான்,” என்றார். அந்த மனிதரை எனக்கு அதுவரை பிடிக்காது.

மச்சான் அவருடைய காரில் ஏறினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உயரமானவன் எங்கள் வாசலில் குனிந்து உள்ளே வந்தான். மனைவி அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அதற்கும் பின்னால் பார்த்தாள். தம்பி எங்கே என்று கேட்டாள். வேறு அணி எடுத்துவிட்டது என்றேன். சோற்றைப் போட்டாள். நண்டுக்கறி முழுவதும் உயரமானவனின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. எனக்கு வெறும் தேங்காய்ப்பால் சொதி. பாவம் அவன், ஒன்றும் தெரியாமல், லண்டனுக்கு வந்து இன்றைக்குத்தான், அக்கா, வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி இன்னும் வாங்கிச் சாப்பிட்டான்.

அவனை அனுப்பிய பிறகு மனைவி அடுப்பங்கரையில் முதுகைக் காட்டியபடி பேசினாள். “அவையும் எடுக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பியள்?”

அவன் எனக்கு வழிவிட்ட கதையைச் சொன்னேன். மரியாதைக்கு வழிவிட்டது ஒரு குற்றமா என்று கேட்டாள். அவளுக்கு விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். அவளுக்குத் தம்பி வேண்டும், அவ்வளவுதான்.

பொழுதுபடும் நேரம் மச்சான் வந்தான். கைக்குள் புது மேற்சட்டை ஒன்று மடித்தபடி. மனைவி ஓடிப்போய்ச் சாப்பாடு போடட்டா என்று கேட்க, “சாப்பிட்டிட்டன் அக்கா. ரெண்டாந்தரமும் வாங்கினனான்,” என்றான். கூப்பிடாமல் அவன் சாப்பிட்டது அன்றைக்குத்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் மேலே போனான்.

அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் போனது. பயிற்சிக்குப் போனான். பிறகு பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றில் ஷிப்ட் எடுத்தான், கணக்காளர்தான் சொல்லிவிட்டாராம். மனைவியோடு கதைத்தான், சிலவேளை சிரித்தான். எனக்குக் காலையில் ஒரு தலையசைப்பு. அத்தான் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. நான் செய்தது சரியென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருவன் தலையை மட்டும் அசைப்பது லேசான விஷயமில்லை.

இரண்டு அணிகளும் மோதிய நாள், ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் நின்றோம். உயரமானவன் எடுத்துத் தந்த பந்துகள்தான் எங்களை அங்கே கொண்டுவந்திருந்தன. பந்து என் கையில். முன்னால் மச்சான். நான் வலப்பக்கம் திரும்பினேன். அவன் ஒதுங்கவில்லை. என் கையிலிருந்த பந்தை உருவிக்கொண்டு, தடுமாறி விழுந்த என்னைப் பாராமல் ஓடிப்போய்க் கூடைக்குள் போட்டான். மண்டபத்தின் ஓரத்தில் கைதட்டல் கேட்டது. எழுந்து நின்று தட்டுகிறவர்களில் என் மனைவியும் ஒருத்தி. எனக்கு முழங்கால் உரசி எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. பயிற்சியாளர் எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஆனாலும் அந்த வருஷம் கடைசிக்கு ஒன்று மேலே வந்தோம். அணி தப்பியது.

ஆட்டம் நடந்த அன்றிரவு வீட்டில் நண்டு இல்லை, கீரையும் பருப்பும்தான். மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம். மச்சான் சோற்றைக் குழைத்தபடி, தலை நிமிராமல் பேசினான்.

“அத்தான், நீங்கள் எப்பவும் வலப்பக்கந்தான் திரும்புறியள். அது பாக்கிற எல்லாருக்கும் தெரியும்.”

மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான், இது அவனுக்கு முதல் நாளே தெரியுமா என்று கேட்டேன். ஓம் என்றான். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் மறிக்கவில்லை என்று கேட்டேன்.

“அண்டைக்கு உங்களை விட்டால் எனக்கு ஆர் இருந்தது?” என்றான்.

இன்னும் கொஞ்சம் பருப்பு விடச்சொல்லி மனைவியிடம் கோப்பையை நீட்டினேன்.