நாலு அடியா, ஐந்து அடியா

கப்டன் பதவி எனக்குத்தான் வரும் என்று நான் நினைத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷம் தொடர்ந்து எங்கள் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவள் நான். பயிற்சிக்கு ஒரு வியாழக்கிழமைகூடத் தவறியதில்லை. நான் பிசியோவாக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த ஐரிஷ்காரிதான் பழைய கப்டன். அவள் கலியாணம் கட்ட ஊருக்குத் திரும்புகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்தே, மட்சுக்கு முன் என்ன பேசுவது என்று ரயிலில் வாய்க்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

கேலிக் உதைபந்தாட்டம் ஐரிஷ்காரரின் விளையாட்டு. எங்கள் பெண்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் இரண்டு வருஷ விசாவில் சிட்னிக்கு வந்த நேர்ஸ்மாரும் ரீச்சர்மாரும். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. பந்தோடு நாலு அடிதான் ஓடலாம். அதற்குள் தரையில் ஒருதரம் குத்தவேண்டும், இல்லாவிட்டால் காலில் விட்டுத் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கவேண்டும். அந்தக் காலில் தட்டும் வித்தைக்குச் சிலருக்கு மாதக்கணக்காகும். எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அக்காவை அந்த மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். சொந்த அக்கா இல்லை. சென்னைக்காரர், ஐ.டி. வேலை, என்னைவிட நாலு வயது மூப்பு. வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனில் காலையில் ஒரே பெட்டிக்கு நின்று நின்று பழக்கமானவர். முதல் நாள் பந்தைக் காலில் தட்டித் தன் மூக்கிலேயே வாங்கிக்கொண்டார். ஓடினால் பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் ஓடுவது மாதிரி இருக்கும். கோலுக்கு முன்னால் கடைசிக் காவலாக நிற்கவிட்டார்கள். அங்கே நின்றபடி, யாரையும் ஏசாமல், "இடதுபக்கம் ஆள் வர்றா, பாத்துக்கோ" என்பதுபோல எல்லோருக்கும் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே இருப்பார். அது ஒரு திறமை என்று எனக்கு அப்போது படவில்லை.

கோச், பகலில் வீடுகளுக்குச் சுவர் பூசுகிறவர், ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் சப்பாத்துக் கழற்றும்போது அறிவித்தார். அந்த வருஷம் கப்டன் அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சப்பாத்துக் கயிறு சிக்கிக்கொண்டதுபோலக் குனிந்துகொண்டேன்.

பிறகு கார் தரிப்பிடத்தில் கோச்சைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். மறைக்கவில்லை. "கோபம் வந்தால் நீ நன்றாக விளையாடுகிறாய். நீ கோபப்பட்டால் மற்றப் பதினாலு பேரும் மோசமாக விளையாடுகிறார்கள்" என்றார். இதைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தண்ணீர்ப் போத்தல்களை நான் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

ரயிலில் அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? கோவமா?"

"இல்லை அக்கா. எனக்கென்ன கோபம்."

"நான் வேணாம்னு சொல்லிடவா? நெஜமாத்தான் கேக்கறேன். இந்தத் தலைவலி எனக்கெதுக்கு?"

சொல்லுங்கோ என்று வாய் வரை வந்தது. "சீச்சீ, நீங்கதான் பொருத்தம்" என்றேன். அவர் இன்னொருதரம் கேட்பார் என்று பரமற்றா ஸ்ரேஷன் வரும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததற்காக அவரை நான் வருஷம் முழுக்க மன்னிக்கவில்லை.

வீட்டில் அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "மெடிசினுக்கு எடுபடேல்லை எண்டு காயிதம் வந்த நேரமும் நீ இப்பிடி இருக்கேல்லை. அந்தக் கப்டன் பட்டியைக் கையில கட்டினா என்ன, சம்பளம் கூட்டுவினமோ?"

"உங்களுக்கு விளங்காதம்மா."

"ஓம், எனக்கு விளங்காது. வா, சாப்பிடு."

அந்த வருஷம் எங்கள் போட்டியில் ஒரு விதி கடுமையாக இருந்தது. நடுவரோடு கப்டன் மட்டும்தான் பேசலாம். வேறு யாராவது வாய் காட்டினால், எதிரணிக்குக் கிடைத்த இலவச உதையை இன்னும் முன்னால், எங்கள் கோலுக்குக் கிட்டவாகக் கொண்டுபோய் வைப்பார்கள். கோச் ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்வார். சொல்லும்போது ஏனோ என்னையே பார்ப்பார்.

அரையிறுதி. புள்ளிகள் சமம், கடைசி நிமிஷம். மைதானத்தின் நடுவில் பந்து என் கையில். எனக்கு முன்னால் இடம் திறந்திருந்தது. நான் எப்போதும் அடிகளை வாய்க்குள் தமிழில் எண்ணுகிறவள். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, காலில் தட்டினேன். விசில் ஊதியது. ஐந்து அடி என்று நடுவர் விரல்களை விரித்துக் காட்டினார்.

அவ்வளவு தூரத்திலிருந்து எதிரணியில் ஒருத்தியாலும் புள்ளி அடிக்க முடியாது. பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடியிருந்தால் மேலதிக நேரத்துக்குப் போயிருப்போம். நான் பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுவருக்கு நேரே போனேன். நாலு அடிதான், உங்களுக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்டேன். இரண்டுதரம் கேட்டேன். அவர் எங்கள் கோல் பக்கம் கையைக் காட்டினார். பந்து எங்கள் கம்பத்துக்கு நேர் முன்னால் போய் நின்றது. அவர்களுடைய மிகச் சின்னப் பெண் வந்து, சிரமமில்லாமல் மேலால் அடித்தாள். முடிந்தது.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அக்கா போய் நடுவருக்குக் கை கொடுத்தார். பிறகு கோச்சிடம், "நான்தான் கப்டன், நான் நேரத்துக்கு அவளிடம் போய்ச் சேரவில்லை" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். ஓம், நீங்கள் ஓடி வந்திருக்கவேண்டும் என்றுதான் மனதுக்குள் சொன்னேன்.

யாரோ ஒருத்தியின் காதலன் எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தான். அந்த வாரம் முழுக்க அதை வேகம் குறைத்துப் பார்த்தேன். நாலு அடிதான். சந்தேகமே இல்லை. ஆனால் அதே படத்தில் இன்னொன்றும் இருந்தது. விசில் ஊதிய கணமே அக்கா கோலை விட்டு, அந்த பஸ்ஸுக்கு ஓடும் ஓட்டத்தில் ஓடி வருகிறார், இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று. நான் திரும்பி அவரைப் பார்க்கிறேன். நன்றாகப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு நடுவர் பக்கம் திரும்புகிறேன்.

இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. படத்தையும் அனுப்பவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் அவர் டார்னெய்ட்டில் வீடு வாங்கி மெல்பேர்னுக்குப் போய்விட்டார். போகுமுன் ஒரு அழைப்பு.

"கோச் கிட்ட உன் பேரைத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். கெடுத்துக்காதடி."

கோச் உண்மையாகவே என்னைத் தேடி வந்தார். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: போன வருஷ அரையிறுதி இன்றைக்கு நடந்தால் என்ன செய்வாய்? பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவேன் என்று சொல்லவேண்டும். ஒரு வசனம். எனக்கு அது தெரியும். நான் போனை வெளியே எடுத்தேன். "அது நாலு அடிதான், இஞ்ச பாருங்கோ" என்பதை இங்கிலிஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார். "உண்மைதான், நாலு" என்றார். அடுத்த வியாழக்கிழமை, சிட்னிக்கு வந்து மூன்று கிழமைகூட ஆகாத ஒருத்தியைக் கப்டன் ஆக்கினார்.

முதல் மட்சன்று அந்தப் புதுப் பெண் நாணயம் சுண்டப் போகுமுன் என்னிடம் வந்தாள். நீதானே இங்கே பழைய ஆள், எந்தப் பக்கம் எடுப்பது என்று கேட்டாள். முதல் பாதியில் ரயில் பாதைப் பக்கத்துக் கோலைப் பார்த்து அடிக்கிற மாதிரி எடு, இப்போது காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, பின்னேரம் மாறிவிடும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். நாணயத்தில் வென்றாள். மற்றப் பக்கத்தை எடுத்தாள்.

நான் என் இடத்துக்குப் போய் நின்றேன். முதல் பாதி முழுக்க, முகத்தில் அடிக்கும் காற்றுக்குள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.