எங்கள் சன்னலுக்காக வைத்திருந்த மலை

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மாடி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். காரணம் ஒரு மலை. மனையில் நின்று பார்த்தால் தென்னந்தோப்புக்கு மேலே அதன் தலை மட்டும் தெரியும். மாடியில் ஓர் அறை, அகலமாக ஒரு சன்னல், படுத்துக்கொண்டே முழு மலையையும் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கனவு. அதற்கு வேண்டிய ஜல்லியும் செங்கல்லும் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாள் போய்ப் பார்ப்போமே என்றாள் என் மனைவி விஜி. ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஸ்கூட்டரை எடுத்தோம். வீடு கட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

காலை 5.40க்குக் கோட்டாறில் கிளம்பினோம். தோவாளை பத்து கிலோமீட்டர், 25 நிமிடம். மழை என்று சொல்ல முடியாது, முகத்தில் ஒட்டும் சாரல். பூச்சந்தையில் விஜி முப்பது ரூபாய்க்குப் பிச்சிப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். பின்னால் இருப்பவளின் பூ வாசனை முன்னால் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், அன்று காற்று அப்படி அடித்தது. தூக்கம் முழுதாகக் கலையாமலே வண்டி ஓட்டிய மாதிரி இருந்தது.

அங்கிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு செங்கல் சூளை. வயலுக்கு மேலே புகை படுத்துக் கிடந்தது. இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"கொளத்து மண்ணாக்கும். வயல்லயும் மேமண்ண எடுப்பாவ. எடுத்த வயல்ல பொறவு நெல்லு செரியா வராது."

"வெறகு?" என்றாள் விஜி.

"மேக்க ரப்பர் தோட்டத்துலருந்து வரும்."

சூளையிலிருந்து எடுத்து வைத்த வெந்த கல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. இது கொஞ்சம் வயலும் கொஞ்சம் மரமும் என்று நினைத்துக்கொண்டே திருப்பி வைத்தேன்.

8.15க்கு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை. டீ பதினைந்து ரூபாய். வாசலில் நின்ற டிப்பரின் டிரைவர் பேச்சுக் கொடுத்தார். எங்கள் மனை இருக்கும் இடத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"தென்னந்தோப்புக்குப் பக்கத்துலயா? ரெண்டு லோடு நாந்தான் தட்டுனேன். திங்கக்கெழம மாடிக்கும் லோடு சொல்லியிருக்காவ."

"எந்த மலைக் கல்லு அண்ணே?"

டீ கிளாசைத் தூக்கிக் காட்டினார். "அன்னா நிக்குல்லா, அதாக்கும்."

என் மலை. "அது நாங்க சன்னல் வழியா பாக்கணும்னு வச்சிருந்த மல" என்றேன்.

"முன்னால பாத்தா முழுசாத்தான் இருக்கும். பொறத்த போய்ப் பாருங்க" என்று சொல்லி, தன் நம்பரையும் கொடுத்தார்.

ஆறு கிலோமீட்டர் சுற்றிப் பின்பக்கம் போனோம். சாலையிலிருந்தே தெரிந்தது. முதுகு முழுக்க நேராக அறுக்கப்பட்டு, அடியில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கொக்கு. அழகாக இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வட்டக்கோட்டைக்குப் பதினெட்டு கிலோமீட்டர். கோட்டை மதில்மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம்.

"மல தெரியணும்னா மாடி கட்டணும். மாடி கட்டணும்னா மல வேணும். நீங்களே சொல்லுங்க" என்றாள் விஜி.

"நாம எடுக்காட்டா வேற ஆளு எடுப்பாவ."

"எடுக்கட்டு. நாமளே அறுத்துட்டு நாமளே சன்னல் வச்சுப் பாக்கண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கோட்டையும் ஏதோ ஒரு மலைதானே என்று வாதாடினேன்.

"ஆமா. இன்னும் நிக்குல்லா? நம்ம மாடிய இருவது வருசத்துல பிள்ளைங்களே இடிச்சுட்டு வேற கட்டும்."

அலை இரைந்துகொண்டே இருந்தது. டிப்பர் டிரைவரின் நம்பரைத் தேடி நான்தான் போன் போட்டேன்.

"அண்ணே, திங்கக்கெழம லோடு வேண்டாம்."

"அப்ப சன்னலு?"

"மொட்டமாடியில நின்னு பாத்துக்கிடுதோம்."

"செரி. அந்த லோடு வேற வீட்டுக்குப் போவும், கேட்டியளா?"

"தெரியும்" என்றேன்.

நீங்களும் போவதாக இருந்தால்: மொத்தம் 61 கிலோமீட்டர், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். சூளைக்கு எட்டு மணிக்கு முன் போங்கள். குவாரிக்குள் இறங்காதீர்கள், சாலையிலிருந்து பார்த்தாலே போதும். கோட்டாறில் பழைய கட்டடம் இடிக்கும் இடங்களில் செங்கல், ஓடு, மரச்சட்டம் எல்லாம் கிடைக்கும். மிச்சச் சுவர்களை அந்தப் பழைய செங்கல்லில்தான் எழுப்பினோம். கொத்தனார் ஒரு வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். எந்தப் பொருள் பூமிக்கு நல்லது என்று கேட்கிறவர்களிடம், முதலில் ஓர் அறையைக் குறைக்க முடியுமா பாருங்கள் என்கிறேன். கீழே அஸ்திவாரத்தில் அந்த மலையின் இரண்டு லோடு இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். தினமும் காலை ஆறு மணிக்கு டீயோடு மொட்டைமாடி ஏறுவோம். சாரல் காலத்தில் மலை இருக்கும் இடத்தில் வெறும் மேகம்தான் இருக்கும். அது விலகும்வரை இருவரும் பேசுவதில்லை. விலகியதும் விஜி மெதுவாக, "நிக்கு" என்பாள். அதன்பிறகுதான் டீயைக் குடிப்போம்.