சம்பங்கிக்குப் போட்ட யூரியா

சம்பங்கிக் கிழங்கு நட்டது ஆனி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. என் நாட்குறிப்பில் இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் பூ விவசாயம் செய்கிற ஒருவரிடம் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள் என் மனைவி. அவளுடைய தம்பி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வருகிற கல்லறைத் திருநாள்தான் அவனுக்கு முதலாவது. அன்று அவன் கல்லறை மேல் கடைப் பூ வைக்கக்கூடாது, தன் கையால் வளர்த்ததைத்தான் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். தம்பி மனைவியிடமும் பூ வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கிழங்கு கொடுத்தவர் சொன்னது கொஞ்சம்தான்: மக்கிய சாணம் போதும், பூத்தண்டு எழும்பும்போது சிறிது பொட்டாஷ், யூரியாவில் கை வைக்க வேண்டாம். அதையும் எழுதி வைத்தேன்.

ஆனால் நான் மானாவாரிக் காட்டில் வளர்ந்தவன். எங்கள் கரிசலில் மழை பெய்த மறுநாள் காலை எல்லோரும் யூரியாவோடு காட்டில் நிற்பார்கள். ஈரம் காய்ந்துவிட்டால் அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆடிக் கடைசியில் முதல் மழை பெய்தது. பருத்திக்குப் போட்டு மிஞ்சிய யூரியாவைப் பக்கத்து வீட்டு நண்பன் கொண்டுவந்தான். நான் யோசிக்கவே இல்லை. பாத்தி முழுக்கத் தூவினேன். ஆவணியில் இரண்டு மழை, புரட்டாசியில் மூன்று. ஒன்றையும் விடவில்லை.

இலைகள் முழங்கால் உயரம் வந்தன. கரும்பச்சை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கும் முதலில் பெருமைதான். ஐப்பசி பிறந்தும் ஒரு தண்டுகூட எழும்பாததால், காலையில் காபி குடிப்பதற்கு முன்பே பாத்திக்குள் குனிந்து இலைகளை விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே போகத் தோன்றாது.

நண்பன் வேலிக்கு அப்பால் நின்று, "ஏலே, பூவுக்குப் போட்டியா மாட்டுக்குப் போட்டியா? அறுத்துக் குடு, என் பசு தின்னுட்டுப் போகட்டும்" என்றான். யூரியா கொண்டுவந்ததே அவன்தான்.

அந்த வாரத்தில்தான் வீட்டின் பின்சுவரோரம் இரண்டு தண்டுகளைக் கண்டாள். பாத்தியில் இடமில்லாமல் மிஞ்சிய நாலைந்து கிழங்குகளை அங்கே புதைத்திருந்தாளாம். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கும் தூவியிருப்பேன். சாம்பல் பூத்த ஒல்லி இலைகள், அவற்றின் நடுவே மொட்டு விட்ட தண்டு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி காலை அந்த இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அடிமொட்டுகள் மட்டும் விரிந்திருந்தன. அருப்புக்கோட்டையில் இறங்கிக் கால் கிலோ செவ்வந்தியும் வாங்க வேண்டியதாயிற்று. விலை கேட்காமல் வாங்கினாள். கல்லறையில் செவ்வந்தியைப் பரப்பி, சம்பங்கியைத் தலைமாட்டில் வைத்தாள். இவ்வளவுதானா என்று தம்பி மனைவி கேட்டாள்.

"மத்தத இவுக வளத்தாக. எல்லாம் இலையாப் போச்சு" என்றாள் என் மனைவி, மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டே.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"அடுத்த வருசம் மழ பேஞ்சா நீங்க எங்கயாச்சும் ஊருக்குப் போயிருங்க."

சரி என்றேன்.