டிராயரில் இருந்த தாள்கள்

1. பெட்டியில் வந்த வேலை

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு நாற்காலி கிடையாது. ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது. அதற்குள் தார்க் காகிதம் சுற்றி, கப்பலில் வந்த புத்தகங்கள். "முதல்ல இதைப் பிரி. பிரிச்சதும் பெட்டியைக் கவுத்துப் போட்டு உட்காந்துக்கோ" என்றார் மேனேஜர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாலு மாதம் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அது யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டியபோது எங்கள் லாரி கம்பெனியும் பட்டறையைக் கிளப்பிக்கொண்டு வந்து, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் போட்டது. பெட்ரோலுக்கு ரேஷன். அதனால் லாரியின் பக்கவாட்டில் ஓர் உலையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, வருகிற கேஸில் இன்ஜினை ஓட்டினார்கள். கேஸ் பிளான்ட் என்று பெயர். இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டீர்கள். மேட்டில் ஏறாமல் லாரி நின்றுவிடும்போது நாங்களும் நம்பவில்லை.

கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. அதுதான் புத்தக அறை. கேஸ் பிளான்ட், டீசல் இன்ஜின், டைனமோ, வெல்டிங் என்று புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். ஸ்லைடு ரூலையும் கணக்குப் போடும் மெஷின்களையும் பற்றிக்கூட ஒன்று வந்தது. அதை என்னைத் தவிர ஒருவரும் தொடவில்லை. நம்பர் போட்டு, சீட்டு எழுதி, அலமாரியில் வைப்பது பாதி வேலை. மீதிப் பாதியை மேனேஜர் இப்படிச் சொன்னார்:

"ஷெட்டுல இருக்கறவனுக்கு இங்கிலீஷ் வராதுய்யா. புஸ்தகம் அலமாரியில இருந்து என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேண்டிய பக்கத்தைத் தமிழ்ல, பெரிய எழுத்துல எழுது. ஒரு தாள் முடிஞ்சா ஒரு தாள் கொண்டுபோய் ஆணியில மாட்டு."

நான் அப்போது சென்னீர்குப்பத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். குண்டு பயத்தில் மனைவியைச் சித்தூர்ப் பக்கம் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் சைக்கிளில் வருவேன், புத்தகங்களோடு உட்காருவேன், சாயந்திரம் சைக்கிளில் போவேன். ஷெட்டில் ஆட்கள் சிரித்துப் பேசுவது தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். என்னை ரைட்டர் என்பார்கள்; ரைட்டர் என்றால் மேனேஜரின் ஆள் என்று அவர்களுக்கு எண்ணம். ஒரு வார்த்தைகூட யாரிடமும் பேசாமல் போய்ப் படுத்த நாட்கள் உண்டு. அந்தத் தனிமை எனக்குத் தாங்கவில்லை. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்.

2. ஏழுமலை

கேஸ் பிளான்ட் வேலையெல்லாம் ஃபிட்டர் ஏழுமலையின் பொறுப்பு. திருமழிசைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். தமிழை எழுத்துக்கூட்டி, உரக்கத்தான் படிப்பார். கேஸ் பிளான்ட் புத்தகத்திலிருந்து முதல் தாளை எழுதி ஆணியில் மாட்டினேன். மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து அவரே என் அறைக்கு வந்தார்.

"இன்னா ரைட்டரே, ஃபில்டர்ல தேங்கா நாரு போடலாம்னு எய்திகீற. நாரு எம்மா தடிப்பு?"

சொன்னேன். உட்கார்ந்தார். பேச்சு வேறெங்கோ போனது. தன் வீட்டு எருமை ஒன்று லாரிச் சத்தத்துக்குப் பால் சுரக்க மறுப்பதை நடித்தே காட்டினார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது தாளையும் மாட்டினேன். அதில் சந்தேகம் ஏதும் இல்லை போலிருக்கிறது. மூன்று நாள் ஆள் வரவில்லை. நாலாம் நாள் வந்து, "இன்னா, அடுத்த தாளு இன்னும் ஆவலியா?" என்று கேட்டார்.

மூன்றாவது தாள் என் டிராயரில் முடிந்து கிடந்தது. "இன்னும் சரியா வரலை ஏழுமலை. எழுதினவரைக்கும் வாயால சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றேன். அவர் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மத்தியானம் அவர் வருவார். நான் ஒரு தாளைச் சொல்வேன். சில நாள் அரைத் தாளோடு நிறுத்திவிட்டு, "இங்க ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்கணும்" என்பேன். அர்த்தமெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். மொத்தம் பதினொரு தாள்; எல்லாவற்றையும் எழுதி முடித்து, மாட்டாத தாள்களை டிராயரில் வைத்துக்கொண்டு, கருமி உப்பை எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கேட்டால், "நடந்துட்டிருக்கு சார்" என்பேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்பதாவது தாள் உலையைத் திறந்து சுத்தம் செய்வது பற்றியது. உலை அணைந்த பிறகும் உள்ளே விஷக்காற்று நிற்கும். அதற்கு வாசனை கிடையாது. கதவு சாத்திய இடத்தில் மூடியைத் திறக்கக் கூடாது, தலையை உள்ளே நீட்டக் கூடாது, தனி ஆளாகச் செய்யக் கூடாது. ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. நாங்கள் அப்போது ஆறாவது தாளில் இருந்தோம்.

3. மழை

ஐப்பசி மழை. சாரல் அடிக்கிறது என்று ஷெட்டின் இரண்டு பெரிய கதவுகளையும் சாத்தியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஒரு லாரி வந்தது, உடனே திரும்பிப் போக வேண்டும். உலையில் கரி அடைத்துக்கொண்டது. ஏழுமலை மூடியைத் திறந்து, கம்பியால் குத்திவிடக் குனிந்தார். அப்படியே சரிந்து விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடினேன். காக்காய் வலிப்பு என்று நினைத்து அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நனையக் கூடாது என்று அந்த லாரிக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தார்கள். முகம் செக்கச்செவேல் என்று, காய்ச்சல்காரர் தூங்குவதுபோல் இருந்தது. ஒன்பதாவது தாளில் நான் எழுதிய வரி கண் முன்னால் வந்தது: முகம் சிவந்திருந்தால் விஷக்காற்று.

"வெளிய தூக்குங்க" என்று கத்தினேன். "மயையிலயா ரைட்டரே?" என்றான் ஒருவன். "மழையிலதான், தூக்கு" என்றேன். அறைக்கு ஓடி டிராயரைத் திறந்து தாளை எடுத்து வந்தேன். மழையில் மை கரையக் கரைய உரக்கப் படித்தேன். குப்புறப் படுக்க வை. தலையை ஒருபக்கம் திருப்பு. முதுகுப் பக்கம் கீழ் விலாவின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கு, விடு, அமுக்கு, விடு. நான் படிக்க, வெல்டர் ஒருவர் அமுக்கினார். எத்தனை நேரம் என்று தெரியாது. ஏழுமலை ஒரு தரம் இருமினார். பிறகு வாந்தி எடுத்தார். 

ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மேனேஜர் என் தோளில் தட்டி, "நல்லவேளை, அந்தப் பக்கத்தை எழுதி வெச்சிருந்தே. என்னைக்கு முடிச்சே?" என்றார்.

"நேத்துதான் சார்" என்றேன்.

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஷெட்டில் முதல் முறையாக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். இவ்வளவு நாளாக நான் ஏங்கியது அதற்குத்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

4. திருமழிசை

எட்டு நாள் கழித்து ஏழுமலையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைவலி மட்டும் விடவில்லையாம். அவர் சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்து, "நீங்க இல்லாங்காட்டி எங்க கதி இன்னா ஆயிருக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் உள்ளே போனதும், அந்தத் தாள் முன்பே முடிந்து டிராயரில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அந்தத் தாளு எப்போ எய்தின?"

"மழைக்கு மூணு வாரம் முன்னால."

"இன்னாத்துக்கு வெச்சிகினு இருந்த?"

"மாட்டிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு."

என்னையே பார்த்தார். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. "தாள மாட்டிட்டு, ஏயுமல, சும்மா வந்து குந்துன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றார்.

 கிளம்பும்போது, "வேலைக்கு எப்ப வரீங்க?" என்று கேட்டேன்.

"திங்கக்கெயம."

"மத்தியானம் ரூம் பக்கம் வாங்களேன்."

"பாக்கலாம் ரைட்டரே" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

மழையில் கரைந்ததைத் திரும்ப எழுதிச் சேர்த்து, திங்கட்கிழமை பதினொரு தாளையும் ஆணியில் மாட்டிவிட்டேன். ஏழுமலை அவற்றின் முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். தகரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றாவதையும் முடித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

புத்தக வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எழுதி முடித்த தாள் அன்றைக்கே ஷெட்டுக்குப் போக வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன், ஒரு தாளையும் ஒருநாள்கூட வைத்துக்கொண்டதில்லை. வாயைத் திறந்து கேட்பதுதான் கடைசிவரை எனக்கு வரவில்லை.