இளவரசி என்று எழுதவில்லை

என் பெயரை அம்மா யோசித்துத்தான் வைத்தாள். கண்டி மலையில் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிடும் கிளாக்கர், எவருக்கும் ஒரு "ஏய்" சேர்க்காமல் கூப்பிட்டதில்லை. "எம் மகளைக் கூப்பிடணும்னா அந்த ஆளு இளவரசின்னுதான் வாயைத் திறக்கணும்" என்று நான் வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாளாம்.

பிறப்பைப் பதியத் தோட்ட ஆபீசுக்குப் போனது அப்பா. பெயரைக் கேட்டதும் கிளாக்கர் சிரித்திருக்கிறார். "இளவரசியா? லயத்து வீட்டுல ஏதுடா அரண்மனை?" கிளாக்கர் எழுதி முடித்தார். "சரி, எழுதியாச்சு, போ." அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. பிறப்புப் பத்திரத்தை மடித்து அலுமாரியில் வைத்தார்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்து வத்தேகமவில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேரப் போனபோதுதான் அங்கே அதிபர் விரித்துப் பார்த்தார்.

"சின்னப்பொண்ணு யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "அது வேற பிள்ளைங்க சேர்" என்றாள் அம்மா. வேறு பிள்ளை இல்லை. தேதியும் அப்பா பெயரும் சரியாகத்தான் இருந்தன, என் பெயர் மட்டும்தான் வேறு.

அங்கிருந்து நேரே தோட்ட ஆபீசுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதே கிளாக்கர், தலை நரைத்திருந்தது. "பேருல என்னம்மா இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லேன்னா சொன்னதையே எழுதியிருக்கலாமே ஐயா?"

"ஊரு சிரிக்குமேன்னுதான்..."

"சிரிச்சது நீங்க மட்டுந்தான்."

இன்று நினைத்தாலும் உடம்பு எரிகிறது. கண்டியில் பெரிய வளவு வீட்டுச் சிங்களச் சீமாட்டிகள் பெயரோடு குமாரிஹாமி, அதாவது இளவரசியம்மா, என்று இருக்கும். அந்தப் பெயரில் கடிதம் வந்தால் இதே கிளாக்கர் எழுந்து நின்று வாங்குவார். அவர்களுக்குப் பட்டம் பெயராகலாம், எங்களுக்கு ஆகக் கூடாதா?

தவறை ஒத்துக்கொண்டு கடிதம் தர அவர் மறுத்துவிட்டார். அம்மா கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தாள். சிங்களத்தில் இருந்த படிவங்களைக் கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரர் ஒருவர் நிரப்பிக் கொடுத்தார். அதுவரை பள்ளிக்கூட வரவு இடாப்பில் நான் சின்னப்பொண்ணுதான். டீச்சர் கூப்பிடுவார், நான் வாய் திறக்க மாட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தும் அந்த வருடம் முழுக்க நான் வராத பிள்ளை. அடி வாங்கினேன். அப்போதும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடம்தான் திருத்தம் வந்தது. அந்தப் பத்திரத்தை அம்மாவே கொண்டுபோய் டீச்சர் மேசையில் வைத்து, இளவரசி என்று கூப்பிடச் சொல்லிக் கதவோரம் நின்று கேட்டாள். ஆனால் பழைய பெயரை அவர்கள் அழிக்கவில்லை, ஓரத்தில் இருக்கிறது. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, எதற்குப் போனாலும் ஓர் அதிகாரி அதில் விரலை வைத்து, "ஏன் பெயரை மாத்தினீங்க?" என்று கேட்பார்.

"நான் மாத்தல. மாத்தினது உங்க ஆளுங்க" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.