போர்ட் திறந்து கிடக்குதாம்

போன வருடம், சோளகக் காற்று கடலை உலுப்பத் தொடங்கியிருந்த நாட்கள். வெள்ளவத்தையில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும் ஒரு ஃபிளாட்டில் நானும் மனைவியும் அப்பாவும் இருக்கிறோம். அப்பா தன் உத்தியோக காலம் முழுவதையும் கொழும்புத் துறைமுகத்தில் கழித்தவர். எங்கள் வீட்டில் அதைத் துறைமுகம் என்று யாரும் சொல்வதில்லை. போர்ட்தான். இப்போது அவருக்கு மறதி நோய். சாப்பிட்டதை மறந்துவிடுவார், கப்பல்களின் பெயர்களை மறக்கமாட்டார்.

நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன். பக்கத்து அறையில், காதில் ஹெட்ஃபோனோடு. அப்பாவின் அறையில் ஒரு கமரா பூட்டி என் கணினியோடு இணைத்திருந்தோம். அதற்குள் ஒரு சின்ன ஸ்பீக்கரும் உண்டு. மனைவி தன் அலுவலகத்திலிருந்தே, "மாமா, தேத்தண்ணி குடிச்சீங்களே?" என்று கேட்பாள்.

அந்த நாட்களில் எனக்கொரு கிறுக்குப் பிடித்திருந்தது. பிட்காயின் வலையமைப்பில் என் கணினியையும் ஒரு கண்ணியாகச் சேர்க்கவேண்டும். காசு பண்ண அல்ல, என்னிடம் ஒரு காயினும் கிடையாது. தலைவன் இல்லை, தலைமையகம் இல்லை, முகம் தெரியாதவர்கள் உலகெங்கும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நிற்கிறார்கள் என்ற நினைப்பு என்னை இருக்கவிடவில்லை. மென்பொருளை ஓடவிட்டேன். என் கணினி வெளியே போய்ச் சிலரைப் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஃபயர்வோல்! ரவுட்டருக்குள் நிற்கும் அந்தக் காவல்காரன், போகிறவர்களை விடுவான், அழையாமல் வருகிறவர்களை வாசலோடு திருப்பிவிடுவான். சமைத்து வைத்துவிட்டு, தட்டப்படாத கதவைப் பார்த்திருப்பவன் போல இருந்தேன்.

ஒரேயொரு வழியைத் திறந்தால் போதும் என்று வாசித்தேன். திறந்தேன், சரிவரவில்லை. பொறுமை கெட்டது. ரவுட்டரைக் கிண்டி, வெளியிலிருந்து எது வந்தாலும் என் கணினிக்கே அனுப்பு என்றொரு தெரிவைக் கண்டேன். அழுத்தினேன். கணினியின் சொந்தக் காவலையும் நிறுத்தினேன். வந்தவர்களின் கணக்கில் பூச்சியம் ஒன்றாகி, ஒன்று பலவாகியது. குசினிக்கு ஓடினேன்.

"ஆக்கள் வருகினம்!"

"ஆர்? எத்தினை பேருக்குத் தேத்தண்ணி போட?" என்றாள் மனைவி.

சில நாட்கள் போயின. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, போர்ட் திறந்து கிடக்குதாம். மூடச் சொல்லி ஒருத்தன் சொல்லுறான்."

"போர்ட் எந்தக் காலத்திலயப்பா மூடினது?"

"அதைத்தான் நானும் சொன்னனான். கேக்கிறான் இல்லை."

சிரித்தோம். "மாமா திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கிட்டார்" என்றாள் மனைவி. ஆனால் அடுத்தடுத்த நாளும் அதே கதை. பிறகு ஒரு காலை, கிரில் கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றார். "நான் போய் மூடிப்போட்டு வாறன்." கீழே காலிக்குப் போகும் பெரிய வீதி, பஸ்கள். மனைவி ஓடிப்போய் அவரை உள்ளே கூட்டிவந்தாள்.

"டொக்டரிட்டச் சொல்லிக் குளிசையைக் கூட்டுவம். வேற வழியில்லை."

முன்பு ஒருமுறை மருந்தைக் கூட்டியபோது, அப்பா பேச்சே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர். அது தெரிந்தும் சம்மதித்தேன்.

டொக்டரிடம் போகவேண்டிய பின்னேரம். அப்பாவின் சேர்ட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கமராவுக்குள் இருந்து ஒரு ஆண் குரல் வந்தது. மெதுவாக, மரியாதையாக.

"சேர், யுவர் போர்ட் இஸ் ஓபன். ப்ளீஸ் டெல் யுவர் சன்."

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் பழைய போர்ட் கந்தோர் ஆங்கிலத்தில், "ஹி இஸ் ஹியர். யூ டெல் ஹிம்" என்றார்.

கமராவின் தலை அசைந்து, என்னைப் பார்த்து நின்றது.

பொத்தான் என் விரலிலேயே நின்றுவிட்டது. ஓடிப்போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கியபோதுதான் அந்தச் சொல் எனக்குள் இடித்தது. கணினியில் வெளியாட்கள் நுழையும் வழிக்கும் பெயர் போர்ட். நான் தேடித்தேடித் திறந்தது அதைத்தான். நான் விருந்தாளிக்குத் திறந்த கதவால் உலகமே என் கணினிக்குள் புகுந்து, கமரா வழியாக அப்பாவின் அறைக்குள் வந்துவிட்டிருக்கிறது. கமராவின் கடவுச்சொல் பெட்டியில் வந்ததுதான், மாற்றவே இல்லை.

மனைவி வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். "நீங்கள் அவருக்கு உடுப்பு மாத்துறதும் அந்த அறையிலதானே..." சேர்ட் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட முகம் காட்டாதவர் அப்பா.

டொக்டரிடம் போகவில்லை.

"மூடிப்போட்டியே?" என்று கேட்டார் அப்பா.

"ஓமப்பா."

"நல்லது. பாவம், எவ்வளவு நாளாச் சொன்னவன். ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம்."

அவன் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. அத்துமீறி வந்தவன்தான், ஆனால் சொல்லிவிட்டுப் போனவன். நெஞ்சு திடுக்கிடுவது அவனை நினைத்தல்ல, ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனவர்களை நினைத்து. இன்றும் அப்பா, "ஆரோ வந்திருக்கினம்" என்றால், குளிசைப் போத்தலைத் தேடுவதற்கு முன் நான் கதவைப் பார்க்கிறேன்.